கதிரவன் எழுமுன்

விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரத் தொடக்கத்தில், ஆடுமாடு திருடுவோருக்குரிய தண்டனைகளுக்கு நடுவே, நாம் பெரும்பாலும் கருத்தூன்றாமல் கடந்துசெல்லும் இரு வசனங்கள் உண்டு. கன்னமிடும்போது அகப்பட்ட திருடன் அடிபட்டு இறந்தால், அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. அதுவே கதிரவன் எழுந்தபின் நிகழ்ந்தால் இரத்தப்பழி உண்டு என்கிறது திருநூல். மூலமொழியில் அங்கு வரும் சொல் தோண்டுதலைக் குறிப்பது. மண்சுவரைத் துளைத்து நுழைபவனைப் பற்றிய பேச்சு அது. கன்னக்கோல் என்று அந்தக் கருவிக்கே தனிப்பெயர் வைத்திருக்கும் நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒரே திருடன், ஒரே சுவர், இடையே சில நாழிகைகள் மட்டுமே. ஆயினும் ஒரு வேளையில் குற்றமற்றதாகிய அடி, மறு வேளையில் கொலையாகிவிடுகிறது. இது யூதர்க்கு மட்டும் உரிய விந்தையன்று. உரோமையரின் பன்னிரு பலகைச் சட்டமும் இரவுத் திருடனையும் பகல் திருடனையும் பிரித்தே நோக்கியது. பகலில் வந்தவன் ஆயுதமெடுத்து எதிர்த்தாலன்றி அவனைக் கொல்லலாகாது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, உடைமையைக் காக்கும்பொழுது உயிர்ச்சேதம் வரை செல்லக்கூடிய நிலைகளுள் ஒன்றாக இரவில் வீட்டை உடைத்து நுழைதலைச் சேர்த்திருந்தது. 2024 ஜூலை முதல் நாள் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவும், சூரியன் மறைந்தபின், உதிக்குமுன் என்று காலத்தை விரித்தே எழுதியிருக்கிறது. மோசேயின் சட்டத்தில் நின்ற கதிரவன் இன்றைய இந்தியச் சட்டத்திலும் நிற்கிறான்.

இந்தக் கதிரவனுக்கு என்ன பொருள்? இரவுத் திருட்டு பெருங்குற்றம், பகல் திருட்டு சிறுகுற்றம் என்பதன்று. வந்தவன் மாறவில்லை, வீட்டுக்காரன் அறியக்கூடியதுதான் மாறுகிறது. இருளில் நுழைந்தவன் யார், எத்தனை பேர், கையிலிருப்பது கன்னக்கோலா கத்தியா, அவன் நாடுவது பெட்டியையா உயிரையா என்பது தெரியாது. கூவினாலும் அயலார் உறக்கத்தில் இருப்பர். விடிந்தபின் முகம் தெரிகிறது, ஊர் விழிக்கிறது, அவனைப் பிடிக்கவும் முறையிடவும் ஈடு கேட்கவும் வழி பிறக்கிறது. ஆகவே சட்டம் பொறுத்துக்கொள்வது வீட்டுக்காரனின் அறியாமையையும் அச்சத்தையுமே. வீடு அவனுடையது என்பதால், உள்ளே வந்தவனின் உயிரும் அவனுடையதாகிவிடுவதில்லை.

இதை எழுதுவது எளிது; ஊரை விட்டு விலகிய தோட்டத்து வீட்டில் தனித்துறங்கும் முதியவர்களிடம் சொல்வது எளிதன்று. 2024 நவம்பரில் திருப்பூர் மாவட்டம் சேமலைக்கவுண்டன்பாளையத்துத் தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் ஆகிய மூவர் கொலையுண்டனர். 2025ஆம் ஆண்டுக் கோடையில் ஈரோடு மாவட்டம் சிவகிரிக்கு அருகே முதிய தம்பதியர் அவ்வாறே மாண்டனர். இத்தகைய வீடுகளில் நள்ளிரவில் நாய் குரைத்தால் எழுபவரிடம், வந்தவனின் நோக்கத்தை முதலில் ஆராய்ந்து பார் என்று யார் கூற முடியும்?

நம் மறைவல்லுநர்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. புனித அகுஸ்தினார் மிகக் கடுமையானவர். நாம் விரும்பாவிடினும் நம்மைவிட்டு நீங்கிவிடக்கூடிய பொருள்களுக்காக ஒரு மனிதனைக் கொல்வோரை நாட்டுச் சட்டம் விட்டுவிடலாம். இறைவன் திருமுன் அவர்கள் எப்படிக் குற்றமற்றவராவர் என்ற கேள்வி அவரை வாட்டியது. பப்ளிக்கோலா என்பவருக்கு எழுதிய மடலில், தன்னுயிரைக் காக்கத் தனிமனிதன் பிறனைக் கொல்வதையும் அவர் ஏற்கவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த புனித தாமஸ் அக்குவினாஸ் வேறு வழி கண்டார். ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம். நாடியது தன்னுயிரின் காவல், நேர்ந்தது தாக்கியவனின் சாவு. பிறன் உயிரைவிடத் தன்னுயிரைப் பேணும் கடமை மனிதனுக்கு மிகுதி. ஆனால் தேவைக்கு மிஞ்சிய வன்மை கலந்தால் அச்செயல் முறைகேடாகிவிடும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இவ்வழியில் நின்று, பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவர்க்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்று, பெருங்கடமையும் ஆகலாம் என்கிறது. குழந்தைகள் உறங்கும் வீட்டில் தந்தை அகுஸ்தினாராக இருக்க இயலாது என்பதே என் எண்ணம். ஆயினும் பொருளைப் பற்றிய மட்டில் அகுஸ்தினாரின் கேள்விக்கு நாம் இன்னும் நேரான விடை கூறவில்லை.

ஓரளவு விடை கூறியவர் திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசென்ட் எனலாம். அக்காலத்தில் சில அறநெறி அறிஞர்கள் பாவத்தின் எல்லையைத் தளர்த்திக்கொண்டே போயினர். ஒரே ஒரு பொற்காசைக் காக்கவும் திருடனைக் கொல்லலாம் என்னுமளவுக்கு அது சென்றது. அத்தகைய 65 கருத்துகளை 1679இல் திருத்தந்தை கண்டித்தபோது இதுவும் அவற்றுள் ஒன்று. எத்தனை காசானால் கொல்லலாம் என்று அவர் கணக்கிட்டுக் கூறவில்லை; நல்ல வேளை.

ஒரு பொற்காசுகூட இல்லாத வழக்கு நமக்கு அருகிலேயே உண்டு. 2018 பிப்ரவரியில் கேரளத்து அட்டப்பாடியில், உணவுப்பொருள் திருடினார் என்று ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்துவந்து, கைகளைக் கட்டி அடித்தனர், அவர் இறந்தார். எவருடைய கதவும் உடைந்துகொண்டிருந்த வேளையன்று அது. எவரும் அஞ்சி நடுங்கவுமில்லை. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. நம்மவர் வீடுகளில் துப்பாக்கி அரிது; கயிறும் தூணும் அரிதல்ல. ஆகவே தற்காப்புச் சட்டம் மேலைநாட்டார் வாதம் என்று நாம் ஒதுங்கியிருத்தல் தகாது.

மேலைநாட்டு வாதமோ வேறொரு திசையில் சென்றிருக்கிறது. 1999 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், டோனி மார்ட்டின் என்னும் விவசாயி தனித்து வாழ்ந்த பண்ணை வீட்டில் இரவில் நுழைந்த இருவரைச் சுட்டார். அவரது துப்பாக்கிக்கு உரிமம் இல்லை. ஒருவர் காயமுற்றார், மற்றவன் 16 வயதுச் சிறுவன், முதுகில் குண்டு பாய்ந்து மாண்டான். நடுவர் குழு அதைக் கொலை என்றது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தற்காப்பு வாதத்தை ஏற்காமல், அவரது மனநிலையைக் கருதிக் குற்றத்தையும் தண்டனையையும் குறைத்தது. 2003இல் அவர் விடுதலையானார். அன்று எழுந்த வாக்குவாதம் பல ஆண்டுகள் ஓயவில்லை. பின்னர் 2013இல் இயற்றிய சட்டத்தால், வீட்டில் நுழைந்தவனுக்கு எதிராக வீட்டுக்காரர் கையாளும் வலிமை மிக மிக வரம்புமீறியதாக இருந்தாலன்றி, அதைக் குற்றமெனத் தள்ளிவிட நீதிமன்றம் கட்டுப்பட்டதன்று என்றாயிற்று. வலிமை நியாயமானதா என்று நடுவர் குழு அப்போதும் ஆராயத்தான் வேண்டும்.

அமெரிக்கா இதற்கு முன்பே வெகுதூரம் சென்றுவிட்டது. கொலராடோ மாநிலத்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, அத்துமீறி நுழைந்தவன் மேலும் குற்றம் செய்யக் கருதுகிறான், எவ்வளவு சிறிதாயினும் வன்மை காட்டக்கூடும் என்று வீட்டுக்காரர் நியாயமாக நம்பினாலே போதும், உயிரைப் போக்கும் வலிமையையும் கையாளலாம். புளோரிடாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், கதவை வன்மையாக உடைத்து வருபவனைக் கண்டு வீட்டுக்காரர் உயிரச்சம் கொண்டார் என்றே முன்கூட்டி அனுமானித்துக்கொள்கிறது. அச்சம் இருந்ததா என்று கேட்கப்பட்ட இடத்தில், அச்சத்தைக் கதவே மெய்ப்பிக்கிறது. மோசேயின் சட்டம் வானத்தைப் பார்த்தது. இவை வாசற்படியைப் பார்க்கின்றன.

வாசற்படியில் நிற்பவரைப் பகைவராகவே காணப் பழகிய கண்கள் எதைக் காணும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 1992 அக்டோபர் 17ஆம் நாள் மாலை, லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், யோஷிஹிரோ ஹட்டோரி என்னும் 16 வயது ஜப்பானிய மாணவன் நண்பனோடு ஒரு விருந்துக்குப் புறப்பட்டான். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. விருந்துக்கேற்ப வெண்ணிற உடை அணிந்திருந்தான். வீட்டு எண்ணில் ஏற்பட்ட குழப்பத்தால் வேறொரு வீட்டின் மணியை அழுத்திவிட்டான். கதவைத் திறந்த பெண்மணி அஞ்சிக் கணவரை அழைத்து, துப்பாக்கியை எடுக்கச் சொன்னார். கணவர் நில் என்று ஆணையிட்டார்; அச்சொல்லின் கடுமை அயல்மொழிச் சிறுவனுக்கு விளங்கவில்லை போலும். விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே முன்னே வந்தான். ஒரே குண்டு மார்பில் பாய்ந்தது. 1993 மே மாதத்தில் நடுவர் குழு வீட்டுக்காரரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. 1994இல் உரிமையியல் நீதிமன்றத்தில் நீதிபதி மாறான முடிவுக்கு வந்து, 6,50,000 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார்.

அந்த வீட்டுக்காரரைக் கொடியவர் என்று நான் கூறவில்லை. அவர் உண்மையாகவே அஞ்சினார் என்று நடுவர்கள் நம்பினர், நானும் நம்புகிறேன். ஆனால் அங்கே சுவர் துளைக்கப்படவில்லை, தாழ் உடைக்கப்படவில்லை, வாசலில் ஒரு சிறுவன் மணியடித்தான். அச்சத்தை மன்னிப்பது வேறு. அஞ்சியவர் எதைச் செய்தாலும் அது முறையே என்று முன்கூட்டி உறுதியளிப்பது வேறு. பின்னதைச் செய்யும் சட்டம், இன்னொரு நொடி பொறுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தையே வீட்டுக்காரரிடமிருந்து பறித்துவிடுகிறது. அந்த நொடியில்தான் முகம் தெரியும்.

நீதிமன்றம் விடுவித்தவரை மனச்சான்று உடனே விடுவித்துவிடுவதில்லை என்பதைத் தொடக்ககாலத் திருச்சபை அறிந்திருந்தது. 4ஆம் நூற்றாண்டில் புனித பெரிய பசிலியார், போரில் பகைவரைக் கொன்ற வீரரைக் கொலைஞர் என்று கருதவில்லை; எனினும் அவர் கைகள் தூயனவல்ல என்பதால் மூன்று ஆண்டுகள் நற்கருணையினின்று விலகியிருக்குமாறு அறிவுறுத்தினார். குற்றமில்லை, ஆனாலும் ஏதோ நிகழ்ந்துவிட்டது. நம் காலத்துச் சட்டங்களில் இதற்கு இடமில்லை, இருக்கவும் முடியாது. ஆனால் பேட்டன் ரூஜ் வழக்கில் விடுதலையாகி வெளியே வந்த அந்த வீட்டுக்காரரிடம் செய்தியாளர் பேசியபோது, இனி ஒருபோதும் துப்பாக்கி வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று அவர் கூறினார்.