தனியே சுமக்கும் கவலை

வல்ல அல்லாஹ் மனிதனை உடல் வேறு, உள்ளம் வேறு என்று பிரித்துப் படைக்கவில்லை. யஃகூப் நபி (அலை) அவர்கள் தம் அருமை மகனார் யூஸுஃப் (அலை) அவர்களைப் பிரிந்து வாடியபோது, அந்தத் துயரத்தால் அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்பதை அருள்மறையின் யூஸுஃப் அத்தியாயத்தில் காண்கிறோம். அழகிய பொறுமையை மேற்கொண்டவர்கள் அவர்கள். தம் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தவர்கள். அத்தகைய நபியின் உடலையே துயரம் தொட்டதென்றால், கவலையால் நலிந்தவரைப் பார்த்து, "உனக்கு ஈமான் போதவில்லை" என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

கவலை உடலை எப்படித் தொடுகிறது? அதையும் சற்று அறிந்துகொள்வோம்.

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் இரு சிறு சுரப்பிகள் உள்ளன. நெருக்கடி வரும்போது மூளையின் ஆணைப்படி அவை 'கார்ட்டிஸால்' என்னும் சுரப்பு நீரை இரத்தத்தில் விடுகின்றன. காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறுகிறதல்லவா? அதுவே அழற்சி. நம்மைக் காக்க இறைவன் வைத்த ஏற்பாடு அது. அந்த அழற்சி எல்லை மீறாதபடி அடக்குவது கார்ட்டிஸாலின் பணிகளுள் ஒன்று.

ஆனால் கவலை மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக நீடித்தால்? ஓயாமல் அதட்டப்படும் பிள்ளை அதட்டலையே காதில் வாங்காமல் போவதைப்போல, நோய் எதிர்ப்பு அணுக்கள் கார்ட்டிஸாலின் சொல்லுக்குச் செவி கொடுப்பதில்லை. அழற்சி அடங்காமல், சாம்பல் மூடிய தணலாக உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது. இதய நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் இது துணை போகிறது. இரத்தத்தின் வழியாகவும் நரம்பின் வழியாகவும் இதன் செய்தி மூளைக்கும் எட்டுகிறது. தீராத களைப்பு, தூக்கக் குறைவு, எதிலும் பிடிப்பின்மை, மறதி எனப் பல தொல்லைகள் தலைகாட்டுகின்றன.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நினைவு தப்பிய உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களின் கையிலும், அத்தகைய பாரமில்லாத 13 பெண்களின் கையிலும் ஒரே அளவில் சிறு காயம் செய்து பார்த்தனர். பராமரிப்பவர்களின் காயம் ஆற ஏறத்தாழ 9 நாட்கள் அதிகமாயின. 2003-ல் வெளியான மற்றோர் ஆய்வில், நினைவு தப்பிய கணவனையோ மனைவியையோ பராமரித்தவர்களை 6 ஆண்டுகள் கவனித்தனர். அழற்சியைக் காட்டும் 'இன்டர்லூக்கின்-6' என்னும் பொருள் அவர்களின் இரத்தத்தில் மற்றவர்களைவிடச் சுமார் 4 மடங்கு வேகமாகக் கூடியது. நோயாளி இறந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த வேகம் குறையவில்லை!

இப்போது நம் வீடுகளைப் பார்ப்போம். பக்கவாதத்தில் படுத்த வாப்பா, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத உம்மா. பிள்ளைகள் நால்வர். ஆனால் இரவும் பகலும் விழித்திருப்பவளோ ஒரே ஒரு மருமகள், அல்லது மணமாகாத ஒரு மகள். மற்றவர்கள் ஜும்ஆ முடிந்து வருகிறார்கள். அரைமணி நேரம் அமர்கிறார்கள். "ஸப்ரு செய்யம்மா, அல்லாஹ் கூலி தருவான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுகிறார்கள்.

கூலி உண்டு, ஐயமில்லை. ஆனால் பெற்றோருக்கு நன்மை செய்யும்படி இறைவன் யாருக்குக் கட்டளையிட்டான்? பிள்ளைகள் அனைவருக்கும் அல்லவா! தம் கடமையை ஒருத்தியின் தோளில் ஏற்றிவிட்டு, அவளுக்குப் பொறுமையை உபதேசிப்பது நியாயமாகுமா? இரவெல்லாம் வணங்கி உடலை வருத்திய அபூதர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும் குடும்பத்துக்கும் உள்ளதுபோல் தமக்கும் ஓர் உரிமை உண்டென ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அதை உண்மையென நம் நாயகம் (ஸல்) அவர்களும் ஏற்றார்கள். வணக்கத்திற்கே இந்த வரம்பென்றால், பணிவிடை செய்பவளின் உடலுக்கு உரிமை இல்லையா?

துக்கம் நேர்ந்தபோது ஆயிஷா (ரலி) அவர்கள் 'தல்பீனா' என்னும் மாவுக் கஞ்சி காய்ச்சச் சொல்லி, வருந்துவோரைப் பருகச் செய்தார்கள். ஆறுதல் அங்கே சொல்லோடு நிற்கவில்லை. கஞ்சியாகக் கைக்கு வந்தது.

நாமும் அப்படிச் செய்வோம். வாரத்தில் இரண்டு இரவுகள் நாம் விழித்திருந்து அவளை உறங்க வைப்போம். அவசரமின்றி அவள் தொழ, குர்ஆன் ஓத நேரம் கொடுப்போம். அவளுடைய உறக்கமின்மையும் சோர்வும் நீடித்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். வெளியூரில் இருப்பவர்கள் பணம் அனுப்பி உதவிக்கு ஆள் அமர்த்தட்டும்.

கவலையை விட்டும் துயரத்தை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியவர்கள் நம் நபிகள் (ஸல்) அவர்கள். அந்தப் பாதுகாவலை நாமும் தேடுவோம். பிறர் பாரத்தில் நம் பங்கைத் தாங்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.