இரவல் கொடுக்க முடியாத உடைமை

சோனி நிறுவனம் 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட 'பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை இன்றும் தேடி வாங்குவோர் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் அதன் எல்லா வடிவங்களையும் வாங்கி அடுக்கி, எது சிறந்தது என ஒப்பிடுகின்றனர். முதல் வடிவம் 280 கிராம். கையில் உறுதியாக நிற்பது. 2007 இல் வந்த இரண்டாவது 189 கிராம். நினைவகம் இரு மடங்கு. 2008 இல் வந்த மூன்றாவதில் நிறங்கள் செழுமையானவை. ஆனால் வேகமாக அசையும் காட்சிகளில் மெல்லிய கோடுகள் தென்படும்.

ஒரு பொருளைக் கூர்ந்து அறிவது குற்றமல்ல. ஆயினும் எடையும் நிறமும் மட்டுமா ஒப்பீட்டுக்குரியவை? இவ்வடிவங்களின் வரிசையில் 'உடைமை' என்ற சொல்லின் பொருளே மாறியிருக்கிறது.

முதல் மூன்று வடிவங்களிலும் விளையாட்டு ஒரு சிறிய இறுவட்டில் இருந்தது. வாங்கியவர் அதை நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், விற்கலாம், தம்பிக்கு விட்டுச் செல்லலாம். சில விளையாட்டுகளை, ஒரே வட்டைக் கொண்டு, பக்கத்திலிருப்பவரின் கருவிக்கும் கம்பியின்றி அனுப்பிச் சேர்ந்து விளையாட முடிந்தது. 2009 இல் வந்த 'கோ' வடிவத்தில் வட்டுக்கு இடமே இல்லை, தரவிறக்கம் மட்டுமே. ஒரு விளையாட்டை இரவல் கொடுப்பதானால் கருவியையே கொடுக்க வேண்டும். 2011 இல் ஐரோப்பாவில் மலிவாக வந்த வடிவம் வட்டை ஏற்றது. கம்பியில்லாத் தொடர்பைக் கைவிட்டது. 2021 ஜூலையில் இக்கருவிக்கான இணையக் கடையில் வாங்கும் வசதியும் நிறுத்தப்பட்டது. முன்னர் வாங்கியவற்றை மீளத் தரவிறக்கலாம் என நிறுவனம் அப்போது அறிவித்தது. விலை கொடுத்தவர் பிறரின் அனுமதியில் தங்கியிருக்கிறார் என்பதே இதன் பொருள்.

பொருளின் உரிமை வேறு, அதன் பயனை அனுபவிக்கும் உரிமை வேறு என்று பிரித்துக் காட்டியது நமது பிக்ஹுக் கலை. கைம்மாறு கருதாது பயனை மட்டும் பிறருக்கு வழங்குவதை 'ஆரியா' என்கிறது. அல்மாஊன் அத்தியாயத்தின் இறுதி வசனம், அன்றாடப் புழங்குபொருளைக்கூடக் கொடுத்துதவ மறுப்போரைக் கண்டிப்பதாக விரிவுரையாளர் பலர் விளக்குவர். மறுப்பது மனிதனின் குறை. ஆனால், மனம் இருந்தும் கொடுக்க இயலாதபடி பொருளே அமைக்கப்பட்டால், ஒரு நன்மையின் வாசல் விற்பனைக்கு முன்னரே அடைக்கப்பட்டுவிடுகிறது.

திருட்டுப் படிகளால் படைப்பாளியின் உழைப்பு பறிபோகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுதுவோராகிய நமக்கு அதன் வலி தெரியும். எனினும் படியெடுப்பது வேறு, இரவல் கொடுப்பது வேறு. நம் நூலை ஒருவர் வாங்கி நால்வர் வாசித்தால் நாம் மகிழவே செய்கிறோம்.

இதே அளவுகோலைச் சேகரிப்பவரிடமும் வைக்க வேண்டும். ஐந்து வடிவங்களையும் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைப்பவர், நிறுவனம் செய்ததையே தன் விருப்பத்தால் செய்கிறார். பூட்டிய அலுமாரிக்குள்ளும் பழைய லித்தியம் மின்கலம் வீங்கும். ஐந்தையும் ஒப்பிடுபவர் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்: இவற்றில் எது கடைசியாக இன்னொருவர் கைக்குப் போய்த் திரும்பி வந்தது?