நாய்க்கு ஏதாச்சும் ஆகுதுங்களா?

இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகும் குழந்தைகள் பைஜாமாவில் தீயைப் பற்றிய லேபிள் இருந்தாக வேண்டும். 1985ஆம் ஆண்டு அந்த நாடு போட்ட விதி. ‘நெருப்பின் பக்கம் கொண்டுபோகாதீர்’ என்ற அந்தத் துண்டை இடுப்புப் பட்டியில் வைத்துத் தைக்கிற திருப்பூர் டெய்லர், ஞாயிற்றுக்கிழமை தன் பிள்ளையைச் சினிமாவுக்குக் கூட்டிப்போகிறார். அங்கே அவருக்கு யார் என்ன சொல்லிவைக்கிறார்கள்?

‘எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை’ என்று ஒரு வரி வரும். பாதிப் பேர் அப்போது இருட்டில் சீட் நம்பர் தேடிக்கொண்டிருப்பார்கள். சும்மா வந்த வரியல்ல அது. ருக்மிணிதேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த வாதம் 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டமானது. 2001இல் வந்த விதிகள், விலங்குகளை நடிக்க வைக்கும் தயாரிப்பாளரை விலங்குகள் நல வாரியத்தின் வாசலில் நிறுத்தின. ‘நல்ல நேரம்’ படத்துக்கு யானைகளைக் கொண்டுவந்த கோவைத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கு இந்தச் சிரமமெல்லாம் இருந்ததில்லை.

ஆனால் அந்த வரி படப்பிடிப்புக்குத்தான் சாட்சி. ‘பரியேறும் பெருமாள்’ (2018) தொடங்கிய சற்று நேரத்தில் கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுகிறார்கள், ரயில் வருகிறது. வளர்த்த நாயை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு, அப்பா அம்மாவோடு பனியன் கம்பெனி ஊருக்கு வந்த பையனுக்கு அது நடிப்பா, கிராபிக்ஸா என்பதெல்லாம் அப்புறம். தெருநாய்களுக்கு ஆடுகளைப் பறிகொடுத்த காங்கேயம் பக்கத்து விவசாயிக்கும், பட்டியில் ரத்தம் தெறிக்கிற காட்சி பொழுதுபோக்கு ஆகாது.

கருப்பி சாகாமல் அந்தப் படமே இல்லை. இயக்குநர் மாரி செல்வராஜ் அதை வெட்டியிருந்தால்தான் தப்பு. முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தணிக்கைக்கான 1991ஆம் ஆண்டு வழிகாட்டுதல், விலங்குவதைக் காட்சிகள் அவசியமின்றி வரக் கூடாது என்கிறது. 2024 முதல் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். போஸ்டரில் வயதைப் பார்க்கலாம். ஏன் அந்த வயது என்று பார்க்க முடியாது. ஓடிடியில் ‘வன்முறை’ என்று மூலையில் போடுகிறார்கள். நாலு அடியாட்கள் பறந்து விழுவதும் வன்முறைதான், நாயைக் கொல்வதும் வன்முறைதான் அவர்களுக்கு.

‘நாய் இறக்கும் காட்சி உண்டு’ என்று டிக்கெட் கவுன்டரில் எழுதிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? அதுவரைக்கும், முதல் நாளே பார்த்துவிட்டு வந்த பனியன் கம்பெனி செக்கிங் டேபிள் அக்காவிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்: “கதையெல்லாம் சொல்லிப்போடாதீங்கக்கா. நாய்க்கு ஏதாச்சும் ஆகுதுங்களா, அத மட்டும் சொல்லுங்க.”