எத்தனை குதிரை போதும்?

படகைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. எனக்கு நீந்தத் தெரியாது. மீன் பிடித்ததும் இல்லை. குழம்பு வைத்து இலையில் ஊற்றினால் சாப்பிடத் தெரியும், அவ்வளவுதான். இருந்தும் சென்ற வருஷம் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தில், ஒரு படகுக் கடையில் இரண்டு சனிக்கிழமைகளைக் கழித்தேன். அங்கே எழுந்த ஒரு கேள்வி, ஊர் திரும்பிய பிறகும் என்னை விட்டபாடில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் தங்கை டல்லாஸ் நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஒரு கம்பெனியில் நல்ல உத்தியோகம். ஒரே பையன், பதினாறு வயது. மாப்பிள்ளை ஐந்தாறு வருஷமாக நண்பர்களுடைய படகில் தொற்றிக்கொண்டு 'பாஸ்' என்கிற மீனைப் பிடிக்கப் போய் வருகிறார். ஏரிகளில் வாழும், வாய் அகன்ற மீன் அது. தூண்டிலில் மாட்டினால் தண்ணீருக்கு மேலே எம்பித் தலையை ஓர் உதறு உதறும். அந்த ஓர் உதறலுக்காகவே அந்த நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் பைத்தியமாக அலைகிறார்கள். இப்போது சொந்தத்தில் ஒரு புதுப் படகும், அதன் பின்புறத்தில் மாட்டுகிற எஞ்சினும் வாங்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. "நீங்களும் வாங்க மச்சான், ஒரு வேடிக்கை" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

படகு என்றால் நம் மனத்தில் வருகிற உருவம் வேறு. இது வேறு. பக்கங்கள் தாழ்ந்து, மேல்தளம் மேஜை போலத் தட்டையாக இருக்கிறது. நின்றபடி தூண்டில் வீச வசதி. பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்க உள்ளேயே ஒரு தண்ணீர்த் தொட்டி. மேலே ஜிகினாப் பொடி தூவினாற்போன்ற வர்ணம். கல்யாண ஊர்வலத்துக்கு நிறுத்தின கார் மாதிரி வரிசையாகப் பளபளத்துக்கொண்டு நின்றன.

இந்த ஜாதிப் படகு பிறந்தது 1948-ல், லூயிஸியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரத்தில். ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் செய்தார். எஞ்சினின் பூர்வோத்தரம் அதற்கும் முந்தியது. மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் என்ற நார்வேக்காரர் ஒருவர் இருந்தார். ஏரிக்கரைக்கு உல்லாசமாகப் போன இடத்தில் அவருடைய காதலி ஐஸ்கிரீம் கேட்டாளாம். அவர் துடுப்புப் போட்டுக்கொண்டு போய் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த வருத்தத்தில் உதித்ததுதான் எஞ்சின் என்று ஒரு கதை சொல்லுவார்கள். கதை எப்படியோ போகட்டும். அவருக்கு முன்னும் செய்து பார்த்தவர்கள் உண்டு; ஆனால் 1909-ல் அவர் விற்கத் தொடங்கிய பிறகுதான் ஜனங்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அந்த முதல் எஞ்சினின் பலம் ஒன்றரைக் குதிரைச் சக்தி.

மாப்பிள்ளை கண் வைத்திருந்த எஞ்சினின் பலம் 225 குதிரைச் சக்தி.

காதலிக்கு ஐஸ்கிரீம் உருகாமல் கொண்டு வர ஒன்றரைக் குதிரை போதுமாக இருந்தது. உயிரோடு பிடித்து உயிரோடு திரும்ப விடப்போகிற ஒரு மீனுக்கு எதற்கு 225 குதிரை? நான் கேலியாகத்தான் கேட்டேன். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. "போட்டி மச்சான்" என்றார்.

போட்டி என்றால் நியாயம் இருக்கிறது. ரே ஸ்காட் என்ற இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு 1967-ல் ஆர்க்கன்ஸாஸில் பீவர் ஏரியில் பெரிய பந்தயம் ஒன்று நடத்தினார். அடுத்த வருஷமே அதற்கென்று ஒரு சங்கமும் கண்டார். 1972 முதல், பிடித்த மீனைக் கொல்லாமல் எடை பார்த்துத் திருப்பி விடும் வழக்கத்தையும் அவர் தம் பந்தயங்களில் கொண்டுவந்தார். குறித்த மணிக்குள் கரை திரும்ப வேண்டும். ஆகவே போகிற நேரம் குறைந்தால் தூண்டில் போடுகிற நேரம் கூடும். பந்தயக்காரனுக்கு வேகம் என்பது பகல் வெளிச்சத்தை விலை கொடுத்து வாங்குவது.

"நீங்க போட்டிக்குப் போறீங்களா மாப்பிள்ளை?"

"இன்னும் இல்லே. போனாலும் போகலாமில்லையா?"

இந்தப் 'போனாலும் போகலாம்' இருக்கிறதே, உலகத்தில் பாதி வியாபாரம் இதை நம்பித்தான் நடக்கிறது. நாம் இருக்கிற மனிதனுக்காகச் சாமான் வாங்குவதில்லை. ஆகலாம் என்று நினைக்கிற மனிதனுக்காக வாங்குகிறோம்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் நாவல் ஒன்றுக்குப் பரிசு கிடைத்தபோது நான் செய்த முதல் காரியம், தேக்கில் ஒரு பெரிய எழுத்து மேஜை செய்யச் சொன்னதுதான். ஆசாரி அருமையாகச் செய்து கொடுத்தார். ஆறு மாதம் அதன்மேல் ஒரு வரி ஓடவில்லை. அந்த மேஜைக்குத் தகுந்த எழுத்தாளன் இன்னும் வந்து சேரவில்லை என்று தோன்றியது. கடைசியில் பழையபடி சமையலறைக்குப் பக்கத்தில் மடியில் அட்டையை வைத்துக்கொண்டுதான் எழுதினேன். மேஜைமேல் இன்று துவைத்த துணி மடித்து வைக்கப்படுகிறது.

அந்தப் படகுகளில் ஒரு சிறு தகடு அடித்திருக்கிறார்கள். இருபது அடிக்குக் குறைந்த மோட்டார்ப் படகுகளுக்கு அது இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும், அதிகபட்சம் எத்தனை குதிரைச் சக்தி மாட்டலாம் என்ற விவரம் அதில் இருக்கும். மாப்பிள்ளை பார்த்த பத்தொன்பதடிப் படகின் தகட்டில் 225 என்று போட்டிருந்தது. அதனால்தான் அவருக்கும் 225 வேண்டும். இதற்குமேல் போகாதே என்று போட்ட எல்லைக்கோட்டை, இதுவரைக்கும் வா என்று கூப்பிடுகிற அழைப்பாக அவர் படித்தார். அவர் மட்டுமா? சம்பளம், வீடு, கடன், எதில்தான் நாம் அப்படிப் படிக்காமல் இருக்கிறோம்?

கடைக்காரர் வயதானவர், நிதானமான பேச்சு. அவர் ஒரு கணக்குச் சொன்னார். தண்ணீரின் மேல் வழுக்கி ஓடுகிற இம்மாதிரிப் படகில், வேகம் இரண்டு மடங்காக வேண்டுமானால் சக்தி ஏறத்தாழ நான்கு மடங்காக வேண்டுமாம். முழு வேகத்தில் போனால் பத்துக் குதிரைச் சக்திக்கு மணிக்கு ஒரு காலன் பெட்ரோல் என்பது அவர்களுடைய வாய்க்கணக்கு. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்குமேல் தாக்குப்பிடிக்காத எனக்குக்கூட இது புரிந்தது. ஆசை ஒரு படி ஏறினால் அதற்குப் போடுகிற தீனி பல படி ஏறுகிறது.

முதல் சனிக்கிழமை அந்தப் பெரிய படகை ஏரியில் ஓட்டிக் காட்டினார்கள். லேக் ஃபோர்க் என்று பெயர். 1980-ல் அணை மூடித் தேக்கிய நீர்த்தேக்கம். 27,000 ஏக்கருக்குச் சற்று மேல். உள்ளே மூழ்கிய மரங்கள் இன்னும் நிற்கின்றன. மாப்பிள்ளையும் பையனும் கடை ஆளும் ஏறிக்கொண்டார்கள். ஓட்டுகிறவர் இடுப்பில் ஒரு கயிற்றை மாட்டிக்கொண்டார். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். 2021 ஏப்ரல் முதல் அது அங்கே சட்டம். வாங்குகிற ஆசைக்கும் அப்படி ஒரு கயிறு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கரையில் நின்றபடி நினைத்துக்கொண்டேன்.

மணிக்கு அறுபத்தைந்து மைல் வேகத்தில் போய் வந்தார்கள். இறங்கிய பையன் முகத்தில் சிரிப்பு. நான் அங்கே போய் மூன்று வாரத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வேகத்தைப் பற்றி மனத்துக்குள் தயாரித்து வைத்திருந்த உபதேசத்தை அந்தச் சிரிப்பு பாதியில் அடித்துவிட்டது. ஆனந்தம் ஆனந்தந்தானே? அதற்கு நான் யார் கணக்குக் கேட்க?

அன்று இரவு தங்கை பாத்திரம் அலம்பிக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "அண்ணே, இவருக்கு மீன் பைத்தியம்னு நீ நினைக்கிறே. அது இல்லே. பையன் ஒரு வருஷமா இவரோட சரியாப் பேசறதில்லே. கேட்டா ஒரு வார்த்தை பதில். படகு இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம்னு பார்க்கிறார். அதை வாய் விட்டுச் சொல்ல வெட்கம்."

எனக்குச் சுருக்கென்றது. "கடன் எத்தனை வருஷத்துக்கு?" என்று கேட்டேன்.

"பதினைஞ்சு. மாசத் தவணை கட்ட, சனி ஞாயித்திலேயும் கொஞ்சம் வேலை எடுத்துக்கறேன்னு சொல்றார்."

பையன் அந்த வீட்டில் இருக்கப்போவது இன்னும் இரண்டு வருஷம். பிறகு காலேஜ், விடுதி, சொந்த வழி. இரண்டு வருஷத்துச் சனிக்கிழமைகளுக்காகப் பதினைந்து வருஷக் கடன். அந்தக் கடனைத் தீர்க்க அதே சனிக்கிழமைகளை விற்பது. இதைவிட நல்ல மனத்தோடு இதைவிடத் தப்பான கணக்கு யாராவது போட முடியுமா? அவரவர் குழந்தைக்காக நாமும் இப்படித்தான் போடுகிறோம் என்பதை நினைத்தபோது எனக்கு அவர்மேல் இரக்கமே வந்தது.

மறுநாள் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அவரே கேட்டார்: "மச்சான், நீங்க கதை எழுதறவங்க. ஒரு மனுஷனுக்கு எவ்வளவுதான் போதும்?"

'குறைவே நிறைவு' என்கிற தோரணையில் நான் பதில் சொன்னேன். பதினேழடி அலுமினியப் படகு ஒன்றைக் கடையில் பார்த்திருந்தோம். அதன் தகட்டில் 75 என்றிருந்தது. "அதிலே அறுபது போடுங்க, தாராளம்" என்றேன். சொல்லிவிட்டு, பெரிய ஞானி போல நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை கடைக்காரர் மாப்பிள்ளையிடம், நாங்கள் யாருமே கேட்காத கேள்வியைக் கேட்டார். எத்தனை குதிரை வேண்டும் என்றல்ல. "யாரை ஏற்றிக்கொண்டு, எந்தத் தண்ணீருக்குப் போகப்போகிறீர்கள்?"

மாப்பிள்ளை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என் மகனோடு. சில நாள் என் மனைவியும் வருவாள்" என்றார். பையன் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

அறுபது பூட்டிய அலுமினியப் படகில் எங்களை ஏற்றிப் போனார்கள். ஓட்டுகிறவரோடு சேர்த்து நான்கு பேர். மூக்கைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கி, நெடுநேரம் திணறிய பிறகே அது தண்ணீருக்கு மேலே எழுந்தது. சக்தி போதாத எஞ்சின் எந்நேரமும் முழு மூச்சில் உழைத்துச் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்று கடைக்காரர் விளக்கினார். அவர் விற்பதற்காகச் சொல்லவில்லை. என் கண்ணே சாட்சி. ஆக, என் எளிமையும் தவறு. மாப்பிள்ளை தகட்டைப் பார்த்தார், சுமையைப் பார்க்கவில்லை. நான் என் சொந்தக் கொள்கையின் அழகைப் பார்த்தேன். நானும் சுமையைப் பார்க்கவில்லை. அதிகம் வேண்டும் என்பது ஓர் அகம்பாவம் என்றால், குறைவே போதும் என்பதும் சில சமயம் அதே அகம்பாவந்தான். காவி கட்டியிருக்கும், அவ்வளவே.

'எவ்வளவு போதும்?' என்ற கேள்விக்குத் தனியாக நின்று பதில் கிடையாது. எதற்கு, யாரோடு என்ற இரண்டு வார்த்தை அதற்கு முன்னால் வர வேண்டும். அவை வந்துவிட்டால் அளவு தானாக வருகிறது. அவை வராதவரையில் இருநூற்றிருபத்தைந்தும் போதாது, அறுபதும் அதிகம்.

ஒரு மூலையில் எஞ்சினை நிறுத்தி, முன்புறத்துச் சிறு மின்சார மோட்டாரைத் தண்ணீரில் இறக்கினார்கள். சத்தம் அடங்கியது. பையன் தூண்டிலில் ஒரு மீன் மாட்டியது. அளந்தார்கள், பத்தொன்பது அங்குலம். அந்த ஏரியில் பதினாறுக்கும் இருபத்து நாலுக்கும் இடைப்பட்ட பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, விட்டுவிட வேண்டும். அவன் அதைத் தண்ணீரில் பிடித்தபடி, "எவ்வளவு நேரம் பிடிச்சிருக்கணும்ப்பா?" என்று கேட்டான். மாப்பிள்ளை பக்கத்தில் மண்டியிட்டு, "அதுவா வாலை அடிக்கிறவரைக்கும்" என்றார். இருவரும் குனிந்து காத்திருந்தார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அலுமினியப் படகையே வாங்கினார், எஞ்சின் எழுபத்தைந்து. தகட்டில் இருந்த எண்தான். ஆனால் இந்தத் தடவை அது தகட்டிலிருந்து வரவில்லை. கடன் மூன்று வருஷம்.

பெரிய படகு அவர் மனத்தைவிட்டுப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். கடையை விட்டுக் கிளம்பும்போது அவர் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

போன மாதம் தங்கை போனில் பேசினாள். மீன் எப்படி என்று கேட்டேன். "எங்கே அண்ணே! இந்த வாரம் ஒண்ணுகூடப் படலையாம்" என்றாள். பிறகு, "ஆனா இருட்டினப்புறந்தான் ரெண்டு பேரும் வந்தாங்க" என்றாள்.