திசை எல்லையும் நெடுநடையும்

பள்ளிப்பட்டில் நமக்கு அறிமுகமான சிராவகத் தம்பதியர் ஓராண்டுக்கு முன் ஒரு வினாவோடு நம்மிடம் வந்தனர். இங்கிலாந்தில் பணிபுரியும் மகன், அந்நாட்டு நெடுநடைப் பாதையொன்றில் தன்னோடு நடக்க வருமாறு பெற்றோரை அழைத்திருந்தான். 1965இல் திறக்கப்பெற்ற பென்னைன் பாதை அது. ஈடேல் என்னும் சிற்றூரில் தொடங்கி, ஸ்காட்லாந்து எல்லையைக் கடந்ததும் முடிவது. நீளம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர். தனியார் மேய்ச்சல் நிலங்களினூடே செல்லும் இடங்களிலும் அவ்வழியே நடக்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு.

பெரியவருக்கு ஆவல் மிகுதி. அம்மையாரோ பல்லாண்டுகட்கு முன்பே திக்விரதம் ஏற்றவர். மூன்று புறம் கடலும் வடக்கே இமயமும் தமக்கு எல்லை என வரையறுத்துக் கொண்டவர். “வடக்கே வைத்த எல்லையை விந்தியத்தோடு நிறுத்திக்கொண்டு, அவ்வளவை மேற்கே கூட்டிக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடாதா?” என்று பெரியவர் கேட்டார்.

இவ்வினா நமக்கு வியப்பளிக்கவில்லை. மனித மனம் இவ்வாறு கணக்கிடும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் திக்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார். மேல், கீழ், பக்கம் ஆகிய திசைகளில் எல்லை கடத்தல் மூன்று. எல்லையை விரித்துக்கொள்ளும் க்ஷேத்திர விருத்தி நான்காவது. வகுத்த எல்லையை மறத்தல் ஐந்தாவது. ஒரு திசையில் குறைத்து மறுதிசையில் கூட்டுவதையே க்ஷேத்திர விருத்தி என உரையாளர்கள் விளக்குவர். வானூர்தியைக் கனவிலும் காணாத காலத்தில் மேல் திசைக்கும் எல்லை வகுத்த நுட்பம் எண்ணத்தக்கது.

அங்ஙனமாயின் அயல்நாடு செல்வதே பாவமோ? அன்று. கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுப் பாண்டி நாடு நோக்கி நடந்தபோது, அவர்களோடு வழித்துணையாகச் சென்றவர் நம் கவுந்தியடிகள் அன்றோ! சோழ நாட்டார்க்குப் பாண்டி நாடு வேற்றரசு ஆளும் நாடே. அடிகள் அவர்களைத் தடுக்கவில்லை. மதுரைக்குச் சென்று அறவோரிடம் அறவுரை கேட்கத் தாமும் விரும்பிப் பீலியைக் கையில் எடுத்துக்கொண்டு உடன் புறப்பட்டார். எனினும் வழியைப் பற்றி அவர் கூறிய எச்சரிக்கையை நோக்குங்கள். சோலை வழியில், உதிர்ந்த பூக்கள் மூடிய குழிகள் உண்டு; வயல் வழியிலோ நண்டும் நத்தையும் காலடியில் நோவுறக் கூடும் என்கிறார். செல்லும் தூரத்தைக் காட்டிலும் மண்ணில் படும் காலடியே அவர் கவலை. நான்கு முழ அளவு முன்னே நிலம் நோக்கி நடக்கும் ஈரியா சமிதியும் இதுவே.

அண்மைக் காலத்திலும் இவ்வழக்கு எழுந்ததுண்டு. இளமையில் துறவு பூண்டு பின்னர் அதனை விட்ட சதீஷ்குமார், 1962இல் தம் நண்பர் ஒருவருடன் தில்லியிலிருந்து புறப்பட்டு, கையில் காசின்றி, அணுகுண்டுக்கு எதிராக மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் நோக்கி நடந்தார். கடலைக் கப்பலில்தான் கடக்க முடிந்தது. முனி சித்ரபானு 1970இல் வானூர்தி ஏறி ஜெனீவா சென்றபோது சமூகத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1975இல் ஆசார்ய சுசீல்குமாரும் அமெரிக்கா சென்றார். அவர்களால் அகிம்சை மேலை நாட்டில் பரவியது என்பாரும், கால்நடையாகவே செல்லும் விகாரம் என்னும் நெறி தளர்ந்தது என்பாரும் உளர். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

நாடுகளுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலுள்ள கோடு நிலையானது அன்று. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று, அதுவரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பள்ளிப்பட்டு மக்கள் ஓரடியும் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. திக்விரத எல்லை அத்தகையதன்று. அதனை அரசு வகுக்கவில்லை. நம் மனமே வகுத்தது. அதனை நகர்த்த வல்லதும் நம் ஆசை ஒன்றே. ஆதலின் அதனைக் காக்க வேண்டியவரும் நாமே. நாம் செல்லாத திசையில் நம்மால் எவ்வுயிர்க்கும் தீங்கு நேராது என்பதே இவ்விரதத்தின் பயன்.

இன்னொன்றும் உண்டு. மென்மையாக நடப்பதற்கென்றே எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு மேல் எரிபொருளை எரித்துப் பறக்க வேண்டுமா? பயனின்றித் தீங்கு செய்யாமை என்னும் அநர்த்த தண்ட விரதம் நம்மைக் கேட்கும் கேள்வி இது. மகனைக் காண்பது பயனற்ற செயல் என்று நாம் கூறமாட்டோம். தாயின் ஏக்கம் சிறிதன்று. அதனை அறியாமல் விரதம் பேசுவோர் அறம் பேசுவோர் ஆகார்.

ஆகவே நாம் கூறிய விடை இது: விரதம் ஏற்காத பெரியவர்க்குத் தடையில்லை, காலடி நோக்கிச் சென்று வரலாம். அம்மையார் தம் எல்லையைக் காப்பதே முறை. அவர் தலையசைத்து, “இது எனக்கு முன்பே தெரியும். இவருக்குக் கேட்கட்டும் என்றுதான் வந்தேன்” என்றார்.

பெரியவர் தனியே செல்லவில்லை. தை மாதத்தில் மகனே வந்தான். மூவரும் பள்ளிப்பட்டிலிருந்து புறப்பட்டு, திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதரை வணங்கி, குந்தகுந்தர் தவம் செய்த பொன்னூர் மலை வரை எட்டு நாள் நடந்தனர். திரும்பிய பின் அம்மையார் நம்மிடம் மறைக்காமல் ஒன்று சொன்னார்: “அந்த நாட்டுப் பச்சை மலைகளை அவனோடு பார்க்கவில்லையே என்ற குறை எனக்கு இருக்கத்தான் செய்கிறது.”

அக்குறையோடு காக்கப்படுவதே விரதம். விருப்பமே இல்லாத இடத்தில் விரதத்திற்கு வேலை ஏது? நாமும் நம் எல்லைகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.