ராட்சசியின் வாய்

என் மாணவி ஒருத்தி கைபேசியில் நான்கு நிமிடப் படம் எடுத்திருந்தாள். அவள் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆங்கில விஞ்ஞானப் படங்களின் பாதிப்பு. ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிய ராட்சசி ஒருத்தி, எங்கள் தொப்பம்பட்டித் தென்னந்தோப்பில் அலைகிறாள்.

“இதையே ரெண்டு மணி நேரப் படமாக்கணும் மேடம். அவ ஏன் கொல்றான்னு சொல்லியாகணுமா?” என்று கேட்டாள்.

குறும்படம் முழுநீளப் படமாவது நமக்குப் புதிதல்ல. ‘முண்டாசுப்பட்டி’ (2014), ‘லவ் டுடே’ (2022) இரண்டும் அப்படி வளர்ந்தவைதாம். ஆனால் ராட்சசியை நீட்டுவது வேறு. நான்கு நிமிடத்தில் அவள் பயமுறுத்தினால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு அவளுக்கொரு வரலாறு வேண்டும். அதை யார் எழுதுகிறார்கள்?

‘மமா’ 2008இல் குறும்படம், 2013இல் முழுநீளப் படம். ‘லைட்ஸ் அவுட்’ 2013இல் குறும்படம், 2016இல் முழுநீளப் படம். நீட்டியபோது இரண்டு பேய்களுக்கும் கிடைத்த வரலாறு ஒன்றே: மனநல விடுதி. ஒருத்தி குழந்தையோடு அங்கிருந்து தப்பியவள். மற்றவள் அங்கே சிகிச்சைப் பரிசோதனையில் இறந்தவள். ‘லைட்ஸ் அவுட்’ முடிவில், மனச்சோர்வுற்ற தாய் தன்னையே சுட்டுக்கொண்ட பிறகுதான் பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

என் சின்னம்மா பிரசவத்துக்குப் பின் பேசாமல் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள். பிற்பாடு, படித்த நாங்கள் அதை மனச்சோர்வு என்றோம். பெயர் மாறியது; கொஞ்சம் கருணையும் வந்தது. ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

மேரி ஷெல்லி 1816இல், பதினெட்டு வயதில், சில பக்கக் கதையாக நினைத்துத் தொடங்கியதே 1818இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலாக வந்தது. அதில், படைக்கப்பட்ட உயிர் தன்னைப் படைத்தவனிடமே தன் கதையைச் சொல்கிறது. ஆனால் அதற்குத் துணையாக உருவான பெண்ணை, அவள் தன்னிஷ்டப்படி நடந்துவிடுவாளோ என்றும் அஞ்சி, உயிர் பெறுமுன்பே அவன் கிழித்துப் போடுகிறான். பேசிய ராட்சசனுக்குப் பக்கத்தில் அவள் வாய் திறக்கவே இல்லை.

“காரணம் தேடாதே, அவளையே பேசவிடு” என்றேன்.

“அவ பொய் சொன்னா?”

“சொல்லட்டும். அவ பேச்சைக் கேட்டப்புறம்தானே அது பொய்யான்னு தெரியும்?”

சின்னம்மாவுக்கு எழுபது ஆகிறது. பொங்கலுக்குப் போகும்போது கேட்க வேண்டும்.