பெறுதலும் கொள்ளுதலும்

அரசு நல்கும் நிதியுதவியை இல்லறத்தான் ஒருவன் நாடிப் பெறலாமா என்னும் வினா, அண்மைக் காலமாக நம் குடும்பங்களில் பலமுறை எழுகின்றது. 2014 ஜனவரி 27 அன்று மத்திய அரசு சமணரைத் தேசியச் சிறுபான்மையினருள் ஆறாவது சமயத்தாராக அறிவித்ததன்பின், கல்வி உதவித்தொகையும் தொழிற்கடனும் நம்மவர்க்கும் உரியனவாயின. அதற்கு முன்னரே உழவர்க்குரிய உதவிகள் பல இருந்தன. ஆயினும், “கொடுத்துப் பழகிய குடி கையேந்துவதா?” என்று முதியோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். “எல்லோரும் வாங்குகின்றனர், நாம் மட்டும் ஏன் விட வேண்டும்?” என்று இளையோர் சிலர் விண்ணப்பத்தில் எதையும் எழுதத் துணிகின்றனர். இவ்விரண்டும் பிழை என்பதே என் கருத்து.

முதலில் முதியோர் கூற்றை நோக்குவோம். திருக்குறளில் இரவு, இரவச்சம் என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரத்தலின் இழிவை அறிந்த மரபு நம்முடையது. ஆனால் அரசு உதவி இரத்தலின்பாற் படுமோ? இரப்போன் ஒருவனுடைய மனக்குறிப்பை நம்பி நிற்கின்றான், ஈவோன் மறுக்கலாம். சட்டம் வகுத்த தகுதியுடையவனோ எவர் மனக்குறிப்பையும் நம்பி நிற்பவன் அல்லன். தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி செலுத்துகின்றான். அவ்வாறு திரண்ட பொதுப்பொருளிலிருந்தே உதவி வருகின்றது. அலுவலகத்தில் ஆணை வழங்கும் அதிகாரி ஈகையாளர் அல்லர். தம் கடமையைச் செய்பவர்.

தமிழில் மானம் என்னும் சொல் பெருமைக்குரியது. நம் நூல்கள் கூறும் நான்கு கஷாயங்களுள் ஒன்றாக அது வருங்கால் செருக்கையே குறிக்கும். உறவினர் என்ன சொல்வாரோ என்று அஞ்சி விண்ணப்பம் செய்யாத தந்தையிடம் இருப்பது எந்த மானம்? பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோகும் மகள்தான் அதற்கு விலை கொடுக்கின்றாள். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களில் இரண்டு ஏக்கரை நம்பி வாழும் குடும்பங்களைப் பட்டணத்து உறவினர் பலர் மறந்துவிட்டனர். சமணர் எல்லோரும் செல்வர் என்னும் ஊர்ப்பேச்சை அவர்களே நம்புவதுதான் வேடிக்கை.

இனி இளையோர் கூற்று. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் களவிற்குக் கூறும் இலக்கணம் ‘அதத்தாதானம்’ என்னும் சொல்லில் அடங்குகின்றது. ஒருவர் தமக்கெனக் கொடாத பொருளைத் தாமே கொள்ளுதல் என்பது அதன் பொருள். பூட்டுடைத்தலோ இருளில் ஒளிதலோ வேண்டுவதில்லை. இழந்தவன் வருந்த வேண்டும் என்பதும் இல்லை. பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட சிறுபான்மை மாணவர்க்கான மத்திய உதவித்தொகை, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2 இலட்சம் ரூபாய்க்கு மிகாதோர்க்கென வகுக்கப்பட்டது. 5 இலட்சம் ஈட்டுவோன் 1 இலட்சத்து 80 ஆயிரம் எனச் சான்று காட்டிப் பெற்றால், அப்பணம் அவனுக்குக் கொடுக்கப்பட்டதன்று, அவன் எடுத்துக்கொண்டது. கள்ளாமை விரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களுள் அரசின் நெறியை மீறுதலும், போலியை மெய்யெனக் காட்டி நடத்தலும் இடம்பெறுகின்றன. பொய்ச்சான்று ஒன்றே இவ்விரண்டிற்கும் போதும்.

இது கற்பனைக் கவலை அன்று. உழவர்க்கு ஆண்டுதோறும் 6,000 ரூபாய் மூன்று தவணைகளில் வழங்கும் பிரதமரின் கிசான் திட்டத்தில், 2020-இல் தமிழ்நாட்டில் தகுதியற்றோர் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டதும், 110 கோடி ரூபாய் அளவில் பணம் போனதும் வெளிப்பட்டன. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களும் அப்பட்டியலில் இருந்தன. இடைத்தரகரே பெரிதும் குற்றவாளிகள். எனினும் நிலமில்லாத ஒருவர் தம் கணக்கில் விழுந்த 2,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேளாதிருந்தமைக்கு என்ன பெயரிடுவது?

பொய்ச்சான்று தீது என்பதில் ஐயமில்லை. கடினமான இடம் வேறு. அத்திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, வயது நிரம்பாத பிள்ளைகள் என வரையறுக்கப்பட்டுள்ளது. மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறும் ஆசிரியர் ஒருவர், கடைநிலை ஊழியராக இருந்தவர் அல்லாதவர், தம் மனைவி பெயரிலுள்ள நிலத்தைக் காட்டியும் பெற இயலாது. தனியே பட்டா உள்ள வயதுவந்த மகன் பெறலாம். அவன் தந்தையின் ஓய்வூதியம் அவனைத் தடுக்காது. ஒரே அடுப்பில் உண்பவர்களாயினும் விதி அவர்களை இரு குடும்பங்களாகக் கொள்கின்றது. இதில் மகன்மீது களவு ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. உதவியைக் கருதியே குடும்ப அட்டையைப் பிரிப்பவர் செயலோ வேறு. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்கு மிகலாகாது, நன்செய் ஐந்து ஏக்கருக்கு மிகலாகாது என்று வரம்பு வைக்கப்பட்டது. மருமகள் உண்மையிலேயே தனிக்குடித்தனம் சென்றிருந்தால் புது அட்டை மெய். அதே வீட்டில் இருந்துகொண்டு தாளில் மட்டும் பிரிந்தால் அதுவே நாம் மேலே கண்ட போலி. இரண்டிற்கும் அட்டை ஒன்றுபோலத்தான் இருக்கும். வேற்றுமையை வட்டாட்சியர் காணார், அவ்வீட்டார் அறிவர்.

தகுதி இருந்தும் தேவை இல்லாதோர் நிலை என்ன? 2015 மார்ச் மாதம் சமையல் எரிவாயு மானியத்தை வசதியுடையோர் தாமே விட்டுவிடுமாறு அரசு வேண்டியது. 2016 ஏப்ரலுக்குள் ஒரு கோடிக் குடும்பங்கள் விட்டன. விடாதவர் கள்வர் அல்லர். மிகுபொருள் விரும்பாமையை மேற்கொண்டவர்க்கு மட்டும் அது சட்டத்தைத் தாண்டிய வினா.

தகுதியுடையோர்க்குச் செய்தி சென்று சேர்வதே பெருங்குறை. 2022-23 முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை உதவித்தொகையை மத்திய அரசு நிறுத்தியது. இவ்வாறு ஆண்டுதோறும் விதி மாறுவதால், சென்ற ஆண்டுச் செய்தியை நம்பியிருப்போர் ஏமாறுகின்றனர். கற்றோர் ஒருவர் ஊருக்கு வரும்பொழுது நான்கு வீட்டாரை அமர்த்தி, எது உளது, எது நீங்கியது, எவ்வரம்புக்குள் யார் வருவர் என்று விளக்கி, விண்ணப்பத்தையும் நிரப்பித் தரலாம். வரம்பிற்குள் வாராதவரிடம் அதனையும் முகத்திற்கு நேரே சொல்ல வேண்டும். உறவின் பொருட்டு அங்கே மௌனம் காப்பவரே மிகுதி. முன்பே தவறாகப் பெற்றவர்க்கும் வழியுண்டு: கிசான் திட்டத்தின் இணையத்தளத்தில் தாமே விலகவும் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தவும் இடம் வைத்திருக்கின்றார்கள்.